வாசிக்க வைக்கும் பக்கம்

(தொண்டைமானாற்றில் கூடிய எமது செய்தி மடல் தோழர்களுக்கு, ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்.)



அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் இரவு முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். காலையில் சந்நிதியில் கும்பிட்டு, அன்னதானமும் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள். கண் சொருகத்தான் செய்யும். ஆகவே வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தூங்குகிறவர்களை நான் எழுப்ப மாட்டேன்.

உங்கள் மடலின் கடைசி ஐந்து இதழ்களையும் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். முழுவதையும் வாசித்தேன். விஷயம் நிறைய இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் உண்மையைச் சொன்னால், பொறுப்பாக வாசிக்கவேண்டும் என்று உட்கார்ந்தபடியால்தான் வாசித்து முடித்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, விறகோடு லயத்துக்கு வருகிற ஒரு தாய் வாசித்திருப்பாளா? அதுதான் இன்றைய பேச்சு.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் வீட்டுத்திட்டப் பதிவு நடந்த காலம். ஒரு சங்கத்துக்காக நான் துண்டுப்பிரசுரம் அமைத்துக் கொடுத்தேன். முன்பக்கத்தில் சங்கத்தின் பெயர் பெரிய எழுத்தில், அதைச் சுற்றிப் பூவேலை, தலைவர் படம், செயலாளர் படம், திட்டத்தைப் பற்றி நீண்ட பத்தி இரண்டு. பின்பக்கத்தில், அடியில், பதிவுக்குக் கடைசி நாள். பார்க்க வடிவாக இருந்தது, எனக்கே பெருமை. கொஞ்ச நாள் கழித்து ஒரு அம்மா அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தா. எழுபதுகளின் கடைசியில் மலைநாட்டிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். “எனக்கு வேண்டிய சேதி இதுல எங்க ஐயா இருக்கு?” என்று கேட்டா. நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். அந்தத் திகதி முடிந்து இரண்டு நாள். அவ ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திரும்ப மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனா. அதற்குப் பிறகு நான் எந்தப் பக்கத்திலும் பூவேலை போட்டதில்லை.

இந்த ஊர்ப் பெயரை உங்களில் சிலர் வருவதற்கு முன்பே அறிந்திருப்பீர்கள். கோயிலால் மட்டுமல்ல. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்று தலைப்பிட்ட வினாத்தாள்களை உயர்தரம் படித்த பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பெயரில் இருக்கிறபடி வெளிக்களக் கற்கைக்கென்று வந்த நிலையம். ஆனால் அதன் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது பரீட்சை வினாத்தாள்கள். பரீட்சைத் தாள் என்றால் வெறுப்பு வரும், தெரியும். இருந்தாலும் ஒரு நல்ல வினாத்தாளை எடுத்து, கேள்விகளை மறந்து, தாளை மட்டும் பாருங்கள். என்ன பாடம், எவ்வளவு நேரம் என்பது மேலே. கேள்வி இலக்கம் ஓரத்தில் தனியாக நிற்கும். கண் தேடத் தேவையில்லை. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் வெள்ளை இடம். புள்ளி எத்தனை என்பது வரியின் முடிவில். பூ இல்லை, படம் தேவையென்றால்தான் படம். பதற்றத்தில் கை நடுங்குகிற பிள்ளைகூட வழி தவறாது. உங்கள் வாசகரும் களைப்பில் இருக்கிறவர். அவருக்கும் அந்த மரியாதை வேண்டும்.

வெள்ளை இடம் என்றதும் உங்கள் பொருளாளர் என்னைப் பார்க்கிறார். தாள் விலை எனக்கும் தெரியும். தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பத்திரிகை கொப்பித் தாளில்கூட அச்சானது. கோடு போட்ட தாளில் செய்தி வாசித்த சனம் நாங்கள். 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அதனால் இடத்தை வீணாக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நெருக்கி அடித்து ஒருவரும் வாசிக்காமல் போனால் முழுத் தாளும் வீண். எட்டுக் கட்டுரைக்குப் பதிலாக ஐந்து போடுங்கள்.

தமிழ் எழுத்துக்கு இந்த இடம் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். ‘கி’, ‘கீ’ என்று மேலே ஒரு கொம்பு, ‘கு’, ‘கூ’ என்று கீழே ஒரு சுழி. வரிகளை ஒட்டவைத்தால் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் வரிக்கு வரி ஈயத் தகடு செருகி இடைவெளி விடுவோம். இப்போது கணினியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். அதைத்தான் ஒருவரும் மாற்றுவதில்லை. உங்கள் மடலில் எழுத்து ஒன்பது பொயின்ட் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு ஆக்குங்கள், வரிக்கு வரி அதில் அரைப்பங்கு இடைவெளி விடுங்கள். லயத்து அறையில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வரியின் நீளமும் முக்கியம். முழு ஏ-நான்கு தாளின் அகலத்துக்கும் ஒரே வரியாக ஓடினால், வரி முடிவில் போன கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறவிடும். இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஆனால் இரண்டு ஓரமும் நேராக வரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது. ‘தொழிற்சங்கங்களுக்கிடையிலான’ என்று ஒரு சொல்லே பத்தியை நிரப்பிவிடும். ஒடுங்கிய பத்தியில் இரண்டு ஓரத்தையும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். அந்த ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்தால் பத்தியின் நடுவில் மேலிருந்து கீழாக வெள்ளையாய் ஓர் ஆறு ஓடும். இந்த ஊர் ஆற்றையாவது உப்புக் கொண்டுபோகத் தொண்டைமான் வெட்டினான் என்று கதை சொல்கிறார்கள். உங்கள் பக்கத்தில் ஓடும் ஆற்றால் எவருக்கும் பிரயோசனம் இல்லை. இடது ஓரம் நேராக இருக்கட்டும், வலது ஓரம் போனபடி போகட்டும்.

அச்சுக்கு வருமுன் நம்முடைய எழுத்து ஏட்டில் எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளி வைப்பதில்லை, பந்தி பிரிப்பதில்லை. படித்தவர் படித்தவருக்கு எழுதியது. யாழ்ப்பாணத்தில் 1841இல் அமெரிக்க மிஷனார் உதயதாரகை தொடங்கினார்கள். 1849இல் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனார். சமயத்தில் எதிரெதிர்ப் பக்கம், ஆனால் இரண்டு தரப்புக்கும் ஒரே கவலை: சாதாரண ஆள் வாசிக்க வேண்டும். நாவலர் பிள்ளைகளுக்காகப் பாலபாடம் எழுதினார், சந்தியைப் பிரித்துப் போட்டார், காற்புள்ளி அரைப்புள்ளி முற்றுப்புள்ளியைத் தமிழ் உரைநடையில் நிலைக்க வைத்தார். அவரோடு எனக்குப் பல விஷயத்தில் உடன்பாடில்லை. சாதி விஷயத்தில் துளியும் இல்லை. ஆனால் ஒரு வசனத்தைப் பிரித்துப் போட்டு வாசகனுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கலாம் என்பதில் அவரிடம் கற்க இருக்கிறது.

உங்கள் பக்கத்தில் இதைவிட நெருங்கிய உதாரணம் உண்டு. கோ. நடேசய்யர் 1921இல் தேசநேசன், 1924இல் தேசபக்தன் என்று பத்திரிகை நடத்தினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவரும் அவர்தான். துரைமார் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் புடவை வியாபாரியாகப் போனார் என்று உங்கள் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் செய்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்த அம்மா தொழிலாளரின் நிலையைப் பாட்டாக எழுதிச் சின்னச் சின்ன நூலாக அச்சிட்டா, கூட்டத்தில் பாடியும் காட்டினா. அன்றைக்கு லயத்தில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. அந்த ஒருவர் வாசித்தால் ஒரு லயமே கேட்கும். தாள் ஒருவருக்கு, செய்தி முப்பது பேருக்கு.

இன்றும் அது மாறிவிடவில்லை. உங்கள் மடலைப் பேத்தி உரத்து வாசிக்கப் பாட்டி கேட்கிறா. ஆகவே பக்கம் இரண்டு பேருக்கு அமைய வேண்டும்: பார்க்கிறவருக்கும் கேட்கிறவருக்கும். வசனம் குட்டையாக இருந்தால் பிள்ளை தடுக்கி விழாது. சொல்லை வரி முடிவில் பாதியாக வெட்டினால் அங்கே திக்கும். ‘ஊ.சே.நி.’ என்று சுருக்கிப் போட்டால் பிள்ளை ‘ஊ, சே, நி’ என்றுதான் வாசிக்கும், பாட்டிக்கு என்ன விளங்கும்? ஊழியர் சேமலாப நிதி என்று முழுதாக எழுதுங்கள்.

இப்போது சம்பளக் கணக்குக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதைக் கரும்பலகையில் எழுதித்தான் காட்ட வேண்டும்.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய். 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் 750 ரூபாய். அப்போது ஒரு தரப்பு ‘அடிப்படைச் சம்பளம் 40 வீதம் உயர்ந்தது’ என்றது. மறுதரப்பு ‘வெறும் 20 ரூபாய்’ என்றது. இரண்டும் உண்மை. பந்தி பந்தியாக எழுதி இரண்டு தரப்பும் சனத்தைக் குழப்பின. நான்கு வரி அட்டவணை போட்டிருந்தால் எவரும் குழம்பியிருக்க மாட்டார்கள். பாருங்கள். இடது பக்கம் 2016: அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. வலது பக்கம் 2019: அடிப்படை 700, வரவு இல்லை, உற்பத்தி இல்லை, விலைப் பங்கு 50. அடியில் கோடு. 730, 750.

இனி அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள். தொழிலாளியின் கையிலிருந்து சேமலாப நிதிக்கு அடிப்படையில் 8 வீதம் போகும். 500க்கு 40 ரூபாய், 700க்கு 56 ரூபாய். எல்லாக் கொடுப்பனவும் எடுத்துவந்த ஒருவருக்குக் கையில் 690 இருந்தது, 694 ஆனது. நான்கு ரூபாய்! ஆனால் வரவும் உற்பத்தியும் எட்டாமல் 530 எடுத்தவருக்கு அது 750 ஆனது. முதலாளி போடுகிற 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதமும் சேர்ந்து 75இலிருந்து 105 ஆனது, அது பின்னால் வரும் காசு. யாருக்கு லாபம், யாருக்கு ஒன்றும் இல்லை என்பது இவ்வளவும் ஒரு உள்ளங்கை அளவு கட்டத்துக்குள் வந்துவிடும். 2021இல் ஆயிரம் வந்தபோதும் 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று பிரிந்துதான் வந்தது. எண் வருகிற எந்தச் செய்தியையும் பந்தியில் கரைக்காதீர்கள், நிரலில் நிறுத்துங்கள். ஒற்றையின் கீழ் ஒற்றை, பத்தின் கீழ் பத்து.

ஒரு யோசனையும் உண்டு. சம்பளச் சீட்டை அரைப் பக்க அளவுக்குப் பெரிதாக்கி, பெயரை மறைத்துவிட்டு, ஒவ்வொரு கழிவுக்கும் ஓர் அம்புக்குறி போடுங்கள். இது முற்பணம், இது தேயிலைத் தூள், இது சங்கச் சந்தா என்று. ஆம், சந்தாவையும் காட்டுங்கள். அதை ஒளித்தால் மற்ற அம்புக்குறிகளை யார் நம்புவார்கள்?

முன்பக்கப் படங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் பொய்யன். ஐந்து இதழில் நான்கின் முன்பக்கத்தில் பொன்னாடை போர்த்தும் படம். ஒரே பொன்னாடையோ என்று சந்தேகம் வந்தது. (சிரிப்பு.) போட்டோக் கொப்பி எடுத்தால் அந்தப் படம் கரிக்கட்டி, யார் போர்த்துகிறார், யார் வாங்குகிறார் என்றே தெரியாது. தலைவர்மார் கோபிக்கக் கூடாது. முன்பக்கத்தின் மேல்பாதி மடித்தாலும் தெரிகிற இடம். அந்த மாதம் தொழிலாளி தெரிந்திருக்கவேண்டிய ஒரே ஒரு விஷயத்துக்கு அந்த இடம். கடைசித் திகதி ஏதும் இருந்தால் அங்கேதான், பெரிய எழுத்தில், கிழமையும் சேர்த்து. எழுத்தையும் கறுப்பில் வெள்ளையாகவோ சிவப்பில் மஞ்சளாகவோ போடவேண்டாம். வெள்ளைத் தாளில் கறுப்பு மை, அதற்கு மிஞ்சிய நிறம் இல்லை.

இளம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்கள். நல்லது. ஆனால் இரண்டு பத்திப் பக்கத்தை அப்படியே அனுப்பினால் போனில் விரலால் இழுத்து இழுத்து அலுத்துப்போகும். போனுக்கு ஒரு செய்தி, ஒரு பத்தி, ஒரு படம் என்று தனியாக வெட்டுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டி அனுப்பவும் வேண்டாம். அடுத்தவர் போனில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோட்டுக்கு மாற்றி அனுப்புங்கள்.

தேத்தண்ணி வருகிறது. குடித்துவிட்டு ஒவ்வொருவரும் பழைய இதழ் ஒன்றை எடுங்கள். வாசலில் என் பேத்தி நிற்கிறாள், ஐந்தாம் வகுப்பு. அவளிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறாள், எங்கே வரி தவறுகிறாள் என்று பென்சிலால் அடையாளம் போடுங்கள். பின்னேரம் அந்த அடையாளங்களிலிருந்து தொடங்குவோம்.