பனையடிப் பந்தி

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தீவை அடைவதற்குச் சில மைல்களுக்கு முன்னர் அமைந்துள்ள ஊர் முருங்கன். ஒருபுறம் கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் நெல்வயல்கள். மேற்கே வங்காலைக் கடல். இரண்டுக்கும் இடைப்பட்ட மண்ணில் நிற்கும் மரம் பனை. பகல் முழுவதும் வயலில் நின்ற உழவரும், கடலோடு போராடிய மீனவரும் மாலையில் ஒருங்கே அமர்ந்து பேசுவதற்கு இத்தகைய ஊர்களில் நெடுங்காலமாக இருந்து வரும் இடங்களுள் ஒன்று கள்ளுத் தவறணை. அதைப் பற்றிப் பழிச்சொற்களே மிகுதி. அப்பழியில் உண்மை உண்டு; எனினும் அது முழு உண்மை அன்று.

தவறணை என்னும் சொல் ஐரோப்பியர் வழியாக வந்தது. மதுச்சாலையைக் குறிக்க ஏறத்தாழ இதே ஒலியுடைய சொல்லைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வழங்கினர். போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. சொல் புதியதாயினும் பொருள் பழையது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிடுவான் என்று அவர் அவனை நினைந்து இரங்குகின்றார். ஓர் அரசனின் பெருமையைச் சொல்ல வந்த புலவர் முதலில் எடுத்துக்கொண்டது பகிர்ந்துண்ணும் பண்பையே. அதே தமிழில் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நட்பின் பகிர்வு ஒருபுறம், அறிவின் இழப்பு மறுபுறம். தவறணை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் இடமாகும்.

கள்ளுக்கு ஓர் இயல்பு உண்டு, அது காத்திராது. சீவல் தொழிலாளர் தளைநாரைக் காலில் மாட்டி, நெடிய மரத்தில் காலையும் மாலையும் ஏறுகின்றார். பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி முட்டியைக் கட்டுகின்றார். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது இனிய கருப்பநீர். தடவாவிடில், காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதன் இனிப்பை உடனேயே மதுசாரமாக மாற்றத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் கள் முதிர்கிறது. ஒருநாள் கடந்தால் புளித்துக் காடியாகும் வழியில் செல்கிறது. ஆகவே இறக்கிய இடத்திலேயே, இறக்கிய அன்றே, அயலவர் கூடி அருந்த வேண்டியதாயிற்று. ஊர்த் தவறணையை உருவாக்கியது இந்த அவசரமே எனலாம்.

அங்கே உண்ணப்படுவது எளிய உணவு. பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் கள்; அருகே பொரித்த மீன், கணவாய்க் கறி, சுட்ட கருவாடு, அவித்த மரவள்ளிக் கிழங்கு, கடலை. ஒருவர் வாங்கியது ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. நடுவில் வைத்த ஓலையிலிருந்து எல்லோரும் எடுக்கின்றனர். மழை பிந்தியதும், குளத்து நீர் மட்டமும், மீன் விலையும், மகளின் திருமணமும் அங்கே பேசப்படுகின்றன. கடன் கேட்கத் தயங்குபவரின் முகத்தைக் கண்டு, கேட்காமலே கொடுப்பவரும் அங்கே உண்டு.

ஆயினும் அந்தப் பந்தியில் ஒருவர் நெடுங்காலம் அமர்த்தப்படவில்லை. அவர் மரமேறியவர். வட பகுதியில் அவர் இறக்கிய கள்ளை விரும்பிப் பருகிய சமூகமே, தேநீர்க்கடையில் அவருக்கு மற்றவர்க்குரிய குவளையை மறுத்தது. தகரப் பேணியிலும் போத்தலிலும் தேநீர் ஊற்றிக் கொடுத்தது. இத்தகைய இழிவுகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில், 21ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. சட்டம் வந்த பின்னரும் குவளைக்காகப் போராட வேண்டியிருந்தது என்பதை யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் வரலாறு காட்டும். கையின் உழைப்பை ஏற்று, கைக்குரியவரை விலக்கும் பந்தியை நட்பின் பந்தி என்று கூறுதல் பொருந்தாது.

இவ்விடத்தில் தொலைதூர நகரம் ஒன்றை நினைவுகூரலாம். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவைச் சூழ்ந்த குன்றுகளில் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1784இல் ஓர் ஆணை பிறப்பித்தார். தாம் விளைவித்த மதுவைத் தம் வீட்டிலேயே விற்கும் உரிமையை அது மக்களுக்கு வழங்கியது. தோட்டக்காரர்கள் வாயிலில் பசுங்கிளை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அயலவரை அழைத்தனர். அவ்வாண்டின் புது மது, ரொட்டி, எளிய உணவு. நீண்ட மரப்பலகைகளில் செல்வரும் ஏழையும் அருகருகே அமர்வர். இன்றும் அவ்வழக்கம் நிலைத்திருக்கிறது. உண்டாக்கியவரே அங்கு விருந்தோம்புபவர் என்பதுதான் அதன் உயிர்.

நம் நாட்டில் அவ்வாறன்று. அரசினர் தவறணைகளை ஏலத்தில் குத்தகைக்கு விடுவது பழைய முறை. மரமேறியவருக்குக் கூலி, குத்தகைக்காரருக்கு இலாபம். வட பகுதியில் 1972ஆம் ஆண்டில் கள் இறக்கும் தொழிலாளருக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோது இந்நிலை மாறத் தொடங்கியது. பின்னாளில் அவை பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எனப் பெயர் பெற்றன. தாம் இறக்கிய கள்ளைத் தம் சங்கத்தின் வழியே விற்றவர், தவறணையின் வேலியோரத்தில் நின்ற நிலையிலிருந்து உரிமையாளர் வரிசைக்கு வந்தார். வியன்னாவில் ஓர் அரசாணை தோட்டக்காரருக்குச் செய்ததை இங்கே தொழிலாளர் தாமே கூடிச் செய்துகொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

இனி, பழிச்சொல்லில் உள்ள உண்மைக்கு வருதல் வேண்டும். தவறணையில் பெண்கள் அமர்வது அரிது. ஆனால் அங்கே செலவாகும் பணத்தின் கணக்கு அவர்கள் அடுப்படியிலேயே தீர்க்கப்படுகிறது. அரிசி வாங்க வேண்டிய கூலி பிளாவில் கரைந்தால், நண்பரின் சிரிப்பு வீட்டின் பசியாகிறது. எந்த அளவு மதுசாரமும் உடல்நலத்துக்குத் தீங்கற்றது எனக் கூற இயலாதென உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்தது. கள்ளிலும் கடிய சாராயமும், களவாகக் காய்ச்சப்படும் கசிப்பும் குடும்பங்களைக் குலைத்திருக்கின்றன. கள் இன்று போத்தலிலும் அடைக்கப்படுகிறது. அதனால் தொழிலாளருக்குச் சந்தை விரிகிறது என்பது நன்மையே. ஆயினும் போத்தலோடு தனியே வீடு செல்பவரிடம், ‘இன்றைக்கு இது போதும், எழுந்திரு’ என்று சொல்ல அருகில் ஒருவர் இல்லை.

அந்தச் சொல்லைச் சொல்ல ஒருவர் இருந்ததே ஊர்த் தவறணையின் சிறப்பு. கருப்பநீர் அருந்துபவரும், ஏதும் அருந்தாமல் கிழங்கை மட்டும் உண்டு பேசியிருப்பவரும் அங்கே நண்பராகவே மதிக்கப்பட வேண்டும். மரமேறியவர் சமமாக அமர வேண்டும். வீட்டுக்குரிய கூலி வீட்டுக்குச் செல்ல வேண்டும். இவை நிறைவேறிய இடத்தில், முட்டியில் கள் இல்லாத நாளிலும் பனையடியில் பந்தி கூடும்.