குசினியில் காஸ் கசிந்தால்



சுனாமிக்கு முன் கரையோர வளவுகளில் பலர் கிடுகு வேய்ந்த திறந்த குசினியில் விறகு எரித்துச் சமைத்தீர்கள். இன்று சாய்ந்தமருது பொலிவேரியனிலும் கல்முனை கிரீன்பீல்டிலும் குசினி நான்கு சுவருக்குள் இருக்கிறது. அங்கே காஸ் கசிந்தால் தானாக வெளியேறாது.

2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கும். சிலிண்டரில் புரொப்பேனின் அளவு கூட்டப்பட்டதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு கூறியது. புரொப்பேன் கூடினால் உள்ளே அழுத்தமும் கூடும். சிறு தளர்வு இருந்தாலும் அதிகம் கசியும். கலவை நம் கையில் இல்லை. கசிவைக் கண்டுபிடிப்பது நம் கையில் இருக்கிறது.

காஸுக்குச் சொந்த மணம் கிடையாது. கசிவு தெரியவே துர்நாற்றம் கலக்கிறார்கள். ஆனால் தடிமன் பிடித்தவருக்கு அது தெரியாது. வீட்டில் இன்னொருவரை மணந்து பார்க்கச் சொல்லுங்கள். காஸ் காற்றை விடப் பாரமானது, தரையோடு பரவும். ஆகவே குசினித் தரையில் நுளம்புத்திரி கொளுத்தி வைக்காதீர்கள்.

சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையை ரெகுலேட்டரிலும் குழாயின் இரு முனைகளிலும் பூசுங்கள். அடுப்பை மூடி வைத்து, ரெகுலேட்டரை மட்டும் திறவுங்கள். குமிழி எழுந்தால் கசிவுதான், உடனே மூடிவிடுங்கள். நெருப்புக்குச்சி உரசிப் பார்க்கவே கூடாது.

காஸ் மணத்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். மின்விசிறியும் வேண்டாம். கிட்டப் போக முடிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வெளியேறுங்கள். மாடிவீடானால் பக்கத்து வீட்டாருக்கும் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். அழைப்பு மணியை அழுத்த வேண்டாம். வெளியே வந்த பிறகே தொலைபேசியை எடுங்கள். பொலிஸ் 119, அம்பியூலன்ஸ் 1990. மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் இலக்கத்தை இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள்.

நோன்பு மாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இரவெல்லாம் பூட்டிக் கிடந்த குசினிக்குள் சஹருக்கு எழும்பி வருகிறோம். கை முதலில் போவது லைட் சுவிட்சுக்கு. படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். எழும்பியதும் கதவைத் திறந்து, மணந்து பாருங்கள். மணம் இல்லையென்றால் மட்டும் சுவிட்சில் கை வையுங்கள்.

இதை வீட்டில் அடுப்பு மூட்டும் எல்லாருக்கும், பிள்ளைகளுக்கும், சொல்லிக் கொடுங்கள்.