நீர்மூழ்கியில் ஒரு பயணி

கணினியில் நீர்மூழ்கிக் கப்பல் செலுத்தும் விளையாட்டுகள் உண்டு. 2005-ல் வெளிவந்த 'சைலண்ட் ஹண்டர் 3' என்பதில் மாலுமிகள் களைப்படைவர். ஓய்வுக்கு அனுப்பாவிடில் கலத்தின் வேலை குன்றும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும், மாலுமியல்லாத ஒருவரையும் அத்தகைய கலத்தில் ஏற்றவேண்டும் என்பேன்.

திருவனந்தபுரம் மாவட்டத்து வக்கம் என்னும் ஊரில் பிறந்தவர் அப்துல் காதர். நாட்டு விடுதலைக்கான ரகசியப் பணிக்கென்று 1942 செப்டம்பரில் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கியில் புறப்பட்டு, தோழர்களுடன் மலபாரின் தானூர்க் கரையில் இறங்கினார், பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10-ல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். வயது 26.

கலத்தினுள் மாலுமிக்குப் பணிகள் பல. பயணிக்கோ காத்திருப்பதே பணி. இவரைப் போன்ற ஒருவரை விளையாட்டில் சேர்ப்போர், களைப்பை அளப்பதுபோல் அந்தக் காத்திருப்பையும் அளக்க வழி காணவேண்டும்.