பொருட்காட்சியில் கடை போடுவோர் கவனத்திற்கு

(தாம்பரம் வட்டாரச் சிறு விவசாயிகளிடையே நிகழ்த்திய உரை)



விளைவிப்பதில் நீங்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். விற்பதில்தான் பின்தங்கி நிற்கிறோம். தாம்பரம், மேடவாக்கம், வண்டலூர் பகுதிகளில் கழனியாக இருந்த பல இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. உழும் நிலம் குறைந்தது; உண்ணும் வாய் பெருகியது. ஆயினும் நாம் நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்து விடுகிறோம். பக்கத்து வீதிக்காரரோ அதே அரிசியைக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். இவ்விருவரையும் நேருக்கு நேர் சந்திக்க வைப்பவை பொருட்காட்சிகளும், சந்தைகளும், திருவிழாக்களுமே.

1968ஆம் ஆண்டு சென்னை அண்ணா நகரில் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. கடைகள் எல்லாம் கலைந்து போயின. அதற்கென எழுப்பிய கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது. நீங்கள் போடும் கடை கலைந்த பிறகு உங்களிடம் என்ன மிஞ்சும்? இதைத்தான் முதலில் சிந்திக்க வேண்டும்.

எங்கே கடை போடலாம்?

எடுத்த எடுப்பிலேயே பெரிய இடம் வேண்டாம். தீவுத்திடலில் பொங்கலையொட்டி நடைபெறும் சுற்றுலாப் பொருட்காட்சிக்கும், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கும் கூட்டம் திரளாக வரும். ஆனால் வருவோரில் பலர் நகரின் மறுகோடியில் இருப்பவர்கள். அவர்களுக்கு மறுமுறை சரக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது கடினம். ஆகவே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, உள்ளூர்க் கோயில் திருவிழா, கல்லூரி விழா, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஞாயிறு விற்பனை ஆகியவற்றில் தொடங்குங்கள். இங்கு வாங்குபவர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வாழ்பவர்.

முதலில் கணக்கு

நமது பாரம்பரிய நெல்லான செங்கல்பட்டு சிறுமணியை அரிசியாக்கி விற்பதாகக் கொள்வோம். எல்லாச் செலவும் போகக் கிலோவுக்கு 25 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கடை வாடகை, வண்டிச் சத்தம், சாப்பாடு ஆகியவற்றுக்கு மூன்று நாளில் 5,000 ரூபாய் ஆனால், 200 கிலோ விற்றால்தான் கைமுதல் திரும்பும். புதியவர் எல்லோராலும் இது ஆகாது. பலர் இங்கேதான் மனம் தளர்ந்து, “இனி இந்தப் பக்கமே வேண்டாம்” என்று திரும்பி விடுகின்றனர்.

இதையே வேறு விதமாகப் பாருங்கள். அக்கடையின் மூலம் 20 குடும்பங்கள் மாதம் 5 கிலோ வீதம் வாங்க முன்வந்தால் மாதம் 100 கிலோ விற்பனை. 2,500 ரூபாய் வரவு. இரண்டே மாதத்தில் செலவிட்ட 5,000 ரூபாய் திரும்பி விடுகிறது. எனவே கடை வாடகையை விதைச் செலவாகக் கருதுங்கள். விதைத்த அன்றே யாரும் அறுப்பதில்லை.

ஆனால் ஆண்டுக்கு 1,200 கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 2 டன் நெல் வேண்டும். அவ்வளவு கையிருப்பு இல்லாதவர் வாக்குக் கொடுக்கக் கூடாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே கடை எடுப்பது நல்லது. ஒருவர் அரிசி, ஒருவர் செக்கு எண்ணெய், ஒருவர் கீரை எனக் கொண்டு வந்தால் வாடகையும் பங்காகும், வாங்குவோருக்கும் வசதி.

கடையில் செய்ய வேண்டியவை

1. அரைக் கிலோ, ஒரு கிலோப் பொட்டலங்களை அதிகமாக வையுங்கள். பழக்கமில்லாத அரிசியை யாரும் முதலிலேயே மூட்டையாக வாங்க மாட்டார்கள்.

2. வெண்பொங்கல் செய்து சிறு தொன்னையில் சுவைக்கக் கொடுங்கள். சுத்தம் மிக முக்கியம்.

3. எவ்வளவு நேரம் ஊற வைப்பது, எத்தனை பங்கு தண்ணீர் ஊற்றுவது என்பதை உங்கள் வீட்டில் சமைத்துப் பார்த்துத் துண்டுத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். சோறு குழைந்து போனால் அரிசியைத்தான் குறை சொல்வார்கள்.

4. முத்திரையிட்ட தராசு வைத்துக் கொள்ளுங்கள். சில்லறையுடன் கைபேசிவழிப் பணம் பெறும் அட்டையும் இருக்கட்டும்.

5. பொட்டலத்தில் பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்ட மாதம், ஆண்டு, உங்கள் முகவரி, தொலைபேசி எண் ஆகியவை வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணையும் அச்சிடுங்கள். “இதை உண்டால் சர்க்கரை நோய் தீரும்” என்பது போல எழுதாதீர்கள். அது சட்டப்படி குற்றம், நம்பிக்கையையும் கெடுக்கும்.

கடை கலைந்த பின்

கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வாங்குபவர் விரும்பினால் பெயர், தெரு, தொலைபேசி எண், வாங்கிய அளவு ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து, “சோறு எப்படி இருந்தது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாதத்தில் ஒரு நாளையும் ஓர் இடத்தையும் நிச்சயித்து, தவறாமல் சரக்குக் கொண்டு செல்லுங்கள். சொன்ன நாளில் வராதவரை நகரத்தார் இரண்டாம் முறை நம்புவதில்லை.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை நீங்கள் அறிவீர்கள். அங்கு 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டியிருந்தது. விழா ஓரிரு நாளில் முடிந்தாலும், வந்தவருடன் இருந்த தொடர்பு முடியவில்லை. பாரம்பரிய நெல் ஊர் ஊராகப் பரவியது இப்படித்தான்.

ஆகவே பெருமக்களே, அடுத்த அறுவடைக்கு முன்பே கூட்டாளிகளைச் சேர்த்து, கணக்குப் போட்டு, ஒரு சிறு சந்தையில் தொடங்குங்கள். அன்று எத்தனை ரூபாய் விற்றது என்பதோடு, எத்தனை குடும்பங்களின் பெயர் நோட்டில் ஏறியது என்பதையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் முயற்சி பலன் தருவதாக.