பழைய அரங்கும் புதிய இருக்கைகளும்

கொட்டாஞ்சேனையில் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச்செடுப்போர் சுகததாச விளையாட்டரங்கைத் தொடாமல் அப்பேச்சை முடிப்பது அரிது. புனித பெனடிக்ற் கல்லூரியும் மருதானை ஸாஹிராக் கல்லூரியும் ஆட்டக்காரரை வளர்த்துவிட்ட வட்டாரம் அது. கொழும்பு மாநகர முதல்வராயிருந்த வீ. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கி 1972ஆம் ஆண்டிலே எழுந்த அவ்வரங்கில் ஏறத்தாழ 25,000 பேர் அமரலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கிலேதான் ரசிகரின் வாதமும் தொடங்குகின்றது.

இடம் போதாது, பெருப்பிக்க வேண்டும் என்பார் 1995ஆம் ஆண்டைச் சான்றுக்கு அழைப்பர். அவ்வாண்டு தென்னாசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்திற் பெற்ற ஒரே கோலால் இலங்கை இந்தியாவை வென்றது கொழும்பிலேதான். அத்தகைய நாள் மீண்டும் வாராதா என்பது அவர்கள் ஏக்கம். நியாயமான ஏக்கமே. ஆயினும் ஒருநாட் கூட்டத்தை எண்ணி அரங்கு கட்டுவது, கலியாணத்துக்கு வரும் விருந்தினரை எண்ணி வீட்டுக்கு அறை கட்டுவதை ஒக்கும். சாதாரணச் சுற்றுப்போட்டி நாட்களில் வெறுமையாய்க் கிடக்கும் படிவரிசைகளைக் கண்டவர், மேலும் பத்தாயிரம் இருக்கை எதற்கு என்று கேட்பதிலே வியப்பில்லை.

உண்மையில் ரசிகனுக்குள்ள குறை வேறொன்று. ஆடுகளத்தைச் சுற்றி 400 மீற்றர் ஓடுபாதை அமைந்துள்ளது. எட்டு ஓட்டப் பாதைகள் கொண்ட முறையான தடத்தின் நடுவே 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமுமான ஆடுகளத்தை வைத்து அளந்து பாருங்கள். பக்கவாட்டில் இருப்பவனுக்கும் எல்லைக் கோட்டுக்கும் இடையே குறைந்தது 12 மீற்றர் தூரம். கோல் கம்பத்தின் பின்னால் இருப்பவனுக்கோ 36 மீற்றர்! பந்து வலையைத் தொட்டதா என்பதை அவன் அயலவனின் ஆரவாரத்தைக் கொண்டே அறிகின்றான். இருக்கைகளைப் பின்னோக்கிக் கூட்டினால் இத்தூரம் இன்னும் வளரும்.

அப்படியாயின் ஓடுபாதையை அகற்றிவிடலாமே என்று சிலர் துணிந்து சொல்வர். மெய்வல்லுநர் அதற்கு இசைவாரா? 1991இலும் 2006இலும் தென்னாசிய விளையாட்டு விழாக்கள் நடந்த தடம் அது. பாடசாலைச் சிறுவர் பலர் ஒருமுறையேனும் ஓடிவிட வேண்டுமென்று கனவு காணும் தடமும் அதுவே.

இன்னொரு செய்தியையும் இவ்வாதத்தில் மறந்துவிடுகின்றனர். பழைய அரங்கைச் சீர்திருத்தினால் இடம் பெருகும் என்று நினைக்கின்றோம், பெரும்பாலும் குறைகின்றது. சீமெந்துப் படியிலே நெருங்கியிருக்கும் மூவரின் இடத்தைச் சாய்மானமுள்ள இரு கதிரைகள் பிடித்துக்கொள்ளும். கல்கத்தாவின் சோல்ட் லேக் அரங்கில் 1997இல் ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகன் கழகங்களின் ஆட்டத்தைக் காண 131,781 பேர் கூடினர். 2017இல் உலக இளையோர் கிண்ணத்துக்காக அதைப் புதுப்பித்தபோது அவ்வெண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாயிற்று. இங்கிலாந்திலோ 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின்னரே அங்கு முதன்மைக் கழகங்களின் அரங்குகளில் நின்று பார்க்கும் படிகளை நீக்கி, ஆளுக்கொரு இருக்கை அமைத்தனர்.

ஆகவே, எத்தனை பேர் என்ற கேள்வியை விட, வந்தவன் எவ்வாறு இருப்பான் என்ற கேள்வியே முந்தி நிற்க வேண்டியது. வெள்ளவத்தையிலிருந்து பேருந்தேறி, மகனையும் கைப்பிடித்து வருகின்ற தகப்பனுக்குத் தேவையானவை சில: ஐப்பசி மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, துப்புரவான மலசலகூடம், நெரிசலின்றி வெளியேறப் போதிய வாயில்கள். கூரை இன்று பிரதான பார்வையாளர் கூடத்துக்கு உண்டு. எதிர்ப்புறத் திறந்த படிகளில் இருப்பவன், மழை தூறத் தொடங்கியதும் பத்திரிகையைத் தலைமேற் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்ப்பதா எழுந்து ஓடுவதா என்று தடுமாறுகின்றான்.