தொடைக்குள் என்ன இருக்கிறது?

(அண்ணனூரில் செய்த சொற்பொழிவு)



தொடையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். நம் நாட்டில் தொடைக்கு உள்ள பெருமை கொஞ்சமல்ல. புருஷனுடைய வாயிலிருந்து பிராமணனும், தோளிலிருந்து க்ஷத்திரியனும், தொடையிலிருந்து வைசியனும், காலிலிருந்து சூத்திரனும் வந்ததாக ரிக் வேதத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. சரி, அந்தத் தொடையைத் திறந்துதான் பார்ப்போமே!

திறந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. பிணத்தை நீரில் ஊறவைத்து அங்கங்களைப் பார்க்கும் முறை சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலேயே இருக்கிறது. பின்னால் தீட்டு என்ற பேய் வந்து அந்தக் கையைக் கட்டிப்போட்டு விட்டது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில், சமஸ்கிருதம் கற்ற வைத்தியரான மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய நூலும் தமிழில் அச்சாயிற்று. தமிழில் விஞ்ஞானம் வராது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன? நடுவில் ஓர் எலும்பு. உடம்பிலேயே நீளமான எலும்பு அதுதான். ஒருவருடைய உயரத்தில் சுமார் கால் பங்கு இருக்கும். அதைச் சுற்றி மூன்று கூட்டமாகத் தசைகள் இருக்கின்றன. முன்பக்கத் தசை முழங்காலை நீட்டுகிறது. பின்பக்கத் தசை மடக்குகிறது. உட்பக்கத் தசை இரண்டு கால்களையும் ஒன்று சேர்க்கிறது. இடுப்பின் வெளிப்பக்கத்திலிருந்து முழங்காலின் உட்பக்கத்திற்குக் குறுக்கே நாடாப்போல் ஓடும் தசைக்குத் தையற்காரன் தசை என்று பெயர். சப்பணமிட்டு உட்கார உதவுவதால் அந்தப் பெயர். அதுவே உடம்பின் மிக நீளமான தசை.

இனி, நாம் செய்யும் ஒரு குளறுபடியைக் கவனியுங்கள். காலில் பச்சையாகத் தெரிவதையும் நரம்பு என்கிறோம். சுண்டி இழுப்பதையும் நரம்பு என்கிறோம். பச்சையாகத் தெரிவது நரம்பல்ல. இரத்தத்தை இருதயத்திற்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. இருதயத்திலிருந்து இரத்தம் கொண்டு வருவது தமனி. நரம்பில் இரத்தம் ஓடுவதில்லை. அது உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டுபோகும் கம்பி. அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பின் நடுவில் விரலை வைத்து அழுத்தினால் துடிப்புத் தெரியும். அதுதான் தொடைத் தமனி. அதற்கு வெளிப்பக்கம் நரம்பு, உட்பக்கம் சிரை. தொடையின் பின்புறம் புட்டத்திலிருந்து இறங்குவது உடம்பிலேயே பருத்த நரம்பு. கண்ட இடத்தில் ஊசி குத்தி அதைக் கெடுத்தால் பாதம் தொங்கிப் போகும். கைக்குழந்தைக்குத் தடுப்பூசியைத் தொடையின் முன்பக்கத்து வெளிப்புறத்தில் போடுகிறார்களே, ஏன்? அங்கே பெரிய நரம்பும் இல்லை, பெரிய தமனியும் இல்லை.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். இந்த ஊர் இரயில் பாதையோரத்து ஊர். மின்சார இரயில் பணிமனையே இங்கிருக்கிறது. தண்டவாளத்தைக் கடப்பவரும், பட்டறையில் இரும்போடு புழங்குபவரும் நம்மவர்களே. பெரியவர் ஒருவர் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர் இரத்தம். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். தோல் கிழியாமல் தொடையெலும்பு முறிந்தாலும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே கசியக்கூடும். அந்த நேரத்தில் காப்பிப்பொடி தேடுகிறவனும், நேரம் சரியில்லை என்கிறவனும், வேடிக்கை பார்க்கிறவனும் சேர்ந்துதான் அந்த மனிதனைக் கொல்லுகிறார்கள்.

செய்யவேண்டியது என்ன? சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, முழு பலத்தோடு, கையை எடுக்காமல் அழுத்துங்கள். ஆழமான காயமானால் துணியை உள்ளே திணித்து அழுத்துங்கள். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள்; அதன் இரு பக்கமும் அழுத்துங்கள். அப்படியும் பீறிட்டால் காயத்திற்கு மேலே அகலமான துணியைக் கட்டி, குச்சி செருகி முறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இந்தக் கட்டு இரத்தப்போக்குக்கு மட்டுமே. பாம்புக்கடிக்கு இப்படி இறுக்கக் கூடாது. உங்களில் ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே ஏற்றும் இரத்தப் பையில் என்ன எழுதியிருக்கிறது? இரத்தத்தின் வகை எழுதியிருக்கிறது. அந்த வகைகளை 1901-இல் லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்தார். வாயில் பிறந்தவன் இரத்தம், காலில் பிறந்தவன் இரத்தம் என்று வகையில்லை. கத்தியால் திறந்த எந்தத் தொடையிலும் தமனி, சிரை, நரம்பு, தசை, எலும்பு இவைதான் உண்டே தவிர, ஜாதி பிறக்க ஓர் இடத்தையும் யாரும் கண்டதில்லை.

ஆகவே தோழர்களே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவரவர் தொடை மடிப்பில் அந்தத் துடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே அழுத்துவது என்று தெரிந்த ஒருவன் தெருவுக்குத் தெரு இருந்தால் போதும், காப்பாற்றக்கூடிய உயிர் வீணாகப் போகாது.