பழைய வண்டியும் மலைப் பாதையும்

 

என்னைப் பேசக் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஸ்பேனர் பிடிக்கிற ஆள். மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. "உங்க பழைய பிக்கப் வண்டியைப் பத்திச் சொல்லுங்கண்ணே, அது போதும்" என்றார் இங்கே பாடம் நடத்தும் ஆசிரியை. அதைச் சொல்கிறேன்.

நம் ஊர் கேரளாவில், இடுக்கி மாவட்டத்து ஏல மலையில் இருக்கிறது. தார் ரோடு ஒரு பக்கம். தோட்டத்துக்குள் போகும் பாதை இன்னொரு பக்கம். ஜூன் மாதம் மழை பிடித்தால் தோட்டப் பாதை சேறாகிவிடும். காலையில் உரமூட்டையை ஏற்றிக்கொண்டு சேற்றில் ஏற வேண்டும். மதியம் அதே வண்டியில் கடைக்குப் போக வேண்டும். சேற்றுக்கு ஒன்று, தாருக்கு ஒன்று என்று இரண்டு வண்டி வாங்க நம்மிடம் பணம் ஏது? ஒரே வண்டி இரண்டு வேலையும் செய்ய வேண்டும். அதனால்தான் நம் மலையில் இத்தனை ஜீப்புகள். மகிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. நான் வாங்கிய பிக்கப்பும் அந்த ஜீப்பின் வம்சம்தான்.

வாங்கியது 2011-ல். வண்டி 1998-ல் செய்தது. டீசல் எஞ்சின். முன்னாலும் பின்னாலும் கமான் பட்டை. நான்கு சக்கரமும் இழுக்கிற வகை. விலை 1,40,000 ரூபாய். என் மனைவியின் சங்கிலியும் அதில் சேர்த்தி.

வாங்கும்போதே ஒரு தப்புச் செய்தேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். பாடியைத் தட்டிப் பார்த்தேன். ஆர்.சி. புத்தகத்தைப் படிக்கவில்லை. அதில் கடன் கொடுத்தவர் பெயர் ஒரு வரி இருந்தது. "கடன் எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்றார் தரகர். கடன் முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வரி நீங்கவில்லை. கடன் கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட படிவம் 35 கொடுத்தால்தான் அந்த வரியை நீக்குவார்கள். அந்தக் கையெழுத்துக்காக நான்கு மாதம் அலைந்தேன். அதுவரை வண்டி என் பெயருக்கு மாறவில்லை.

நீங்கள் பழைய வண்டி வாங்கினால் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொண்டு போங்கள். சேசிஸ் இரும்பில் எண் வெட்டியிருக்கும். அந்த இடத்தைத் துடைத்து, தாளை வைத்து, பென்சிலால் மெல்லத் தேயுங்கள். எண் தாளில் பதியும். அதை ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் கொடுக்காதீர்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இரும்பு பொத்தென்று ஒலிக்கும். எஞ்சின் போனால் சரி செய்யலாம். சேசிஸ் உளுத்துப் போன வண்டியை வாங்கவே கூடாது.

வண்டி என் பெயருக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய டயர் வாங்கினேன். பட்டன் பட்டனாகப் பிடிப்பு உள்ள டயர். முன்னால் எட்டு விளக்கு வைத்தேன். பாரம் தாங்கட்டும் என்று பின்னால் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டேன். கண்ணாடிக்கு மேலே மகள் பெயரை எழுதினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. பிரேக்கை மட்டும் நான் பார்க்கவில்லை. அதுதான் பிடிக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

2012 டிசம்பரில் ஒருநாள் ஏல மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு போடிக்குக் கிளம்பினேன். பக்கத்தில் என் மச்சான். போடிமெட்டிலிருந்து கீழே இறங்க 17 கொண்டை ஊசி வளைவு என்று உங்களுக்குத் தெரியும். நான் மூன்றாம் கியரில், காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். ஐந்தாவது வளைவு தாண்டியதும் ஒரு கருகல் வாசனை வந்தது. அடுத்த வளைவில் பெடலை மிதித்தேன். கால் பலகை வரை போய்விட்டது. வண்டி நிற்கவில்லை.

கியரை இரண்டுக்குத் தள்ளினேன். பள்ளம் ஒரு பக்கம், மலை ஒரு பக்கம். மலைப் பக்கத்துக் கால்வாயில் வண்டியைச் செருகினேன். வண்டி சாய்ந்து நின்றது. எனக்கு நெற்றியில் காயம். மச்சானுக்கு வலது கை எலும்பு முறிந்தது. அவர் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை. மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்தச் சம்பளத்தை நான்தான் கொடுத்தேன். என்ன கொடுத்தும் அந்தக் கை இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "எட்டு விளக்கு வச்சீங்களே, நிக்கிறதுக்கு என்ன வச்சீங்க?"

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் தொழில் சொல்லிக் கொடுப்பவரை ஆசான் என்போம். அவர் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மோனே, வண்டியைக் கட்டறதுக்கு ஒரு வரிசை உண்டு. முதல்ல நிக்கணும். அப்புறம் திரும்பணும். அப்புறம்தான் ஓடணும். அழகு எல்லாம் கடைசி. நீ தலைகீழாக் கட்டியிருக்கே" என்றார்.

என்ன நடந்தது என்றும் அவர்தான் விளக்கினார். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதில் தண்ணீர் சேரும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்துவிடும். அந்தச் சூட்டில் எண்ணெயில் உள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகும். எண்ணெயை அழுத்தினால் சக்கரம் வரை அழுத்தம் போகும். ஆவியை அழுத்தினால் ஆவி சுருங்கும், அவ்வளவுதான். பெடல் கீழே போகும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

பெரிய டயரும் சேர்ந்து கெடுத்தது. கடப்பாரையை நினைத்துப் பாருங்கள். நீளமான கடப்பாரையால் கல்லை எளிதாகப் புரட்டலாம். டயர் பெரிதானால் சாலையின் கையில் நீளமான கடப்பாரையைக் கொடுத்தது போல. அதே பிரேக், அதைவிடப் பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். கிளட்சுக்கும் சுமை கூடும். வேகம் காட்டும் முள்ளும் ஏமாற்றும். டயர் பத்தில் ஒரு பங்கு பெரிது என்றால், முள் 40 காட்டும்போது வண்டி 44-ல் ஓடும்.

நான்கு சக்கரத்துக்கும் புதிய லைனிங் போட்டோம். சக்கரத்தில் உள்ள சிலிண்டர் நான்கையும் மாற்றினோம். ஒன்று ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தது. துருப்பிடித்த பிரேக் குழாயையும் வெடித்திருந்த ரப்பர் குழாயையும் மாற்றினோம். புது எண்ணெய் ஊற்றிக் காற்றை எடுத்தோம். அன்று முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுகிறேன். இறக்கத்தில் எந்த கியரில் ஏறுவேனோ அந்த கியரில்தான் இறங்குகிறேன். எஞ்சினே பாதி பிரேக்.

அடுத்து ஸ்டியரிங். முனைகளில் ஆட்டம் இருந்த ராடுகளை மாற்றினோம். கிங்பின் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினோம். இதில் சொல்ல அதிகம் இல்லை. செலவுதான் அதிகம்.

கமான் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. கூடுதல் பட்டை போட்டால் பாரம் தாங்கும், உண்மை. ஆனால் பாரம் இல்லாதபோது வண்டி முயல் மாதிரி குதிக்கும். கரடு முரடான பாதையில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைத் தொட வேண்டும். பட்டை விறைப்பாக இருந்தால் சக்கரம் இறங்காது. காற்றில் சுற்றும். மண்ணைத் தொடாத சக்கரம் எப்படி இழுக்கும்? நான் போட்ட பட்டையை ஆசான் கழற்றி எறிந்தார். மற்ற பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, புது புஷ் போட்டுப் பூட்டினார். அதே வண்டி, நம்ப முடியாத அளவுக்கு மெத்தென்று போனது. டயரையும் நிறுவனம் சொன்ன அளவுக்கே மாற்றினேன். பிடிப்பு மட்டும் சேற்றுக்கும் தாருக்கும் நடுத்தரமாக உள்ளது. முழுச் சேற்று டயர் நனைந்த தாரில் வழுக்கும். தேய்மானமும் அதிகம். சத்தமும் காதைக் குடையும்.

இப்போது நான்கு சக்கர இழுவைக்கு வருகிறேன். என் வண்டியில் அதற்குத் தனி லீவர் உண்டு. அதைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் போகும் தூரம் வேறு, பின் சக்கரம் போகும் தூரம் வேறு. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி செய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. உள்ளே பல் சக்கரங்கள் ஒன்றை ஒன்று முறுக்கும். ஸ்டியரிங் கனக்கும். கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். ஆகவே தாருக்கு வந்ததும் லீவரை எடுத்துவிடுங்கள். சேற்றில் இறங்கும் முன்பே போடுங்கள். சிக்கிய பிறகு போடுவது, நனைந்த பிறகு குடை பிடிப்பது போல.

சேற்றில் காற்றைக் குறைப்பதும் உதவும். 35 பவுண்டு வைக்கிற டயரில் 20 பவுண்டாக்கினால் டயர் அகலமாகப் படியும், அமிழாது. பாரம் இல்லாமல், மெதுவாக ஓட்டும்போது மட்டும்தான் இது. தாருக்கு வந்ததும் மறுபடி காற்று அடிக்க வேண்டும். அதற்குக் கால் பம்பு வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

ஓடையைக் கடக்கிறவர்கள் இன்னொன்று கவனியுங்கள். ஓடி வந்த அச்சு சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கும். சுருங்கும்போது வெளியே உள்ள தண்ணீரை உறிஞ்சும். எண்ணெயோடு தண்ணீர் கலந்தால் பால் டீ நிறத்துக்கு வரும். அந்த நிறம் கண்டால் உடனே எண்ணெயை மாற்றுங்கள். அச்சின் மேல் மூச்சு விடுகிற சின்னத் துவாரம் ஒன்று உண்டு. அதில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சேசிஸ் உயரத்துக்கு மேலே ஏற்றிக் கட்டிவிட்டேன். அதன் பிறகு என் வண்டியில் டீ வரவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் செய்து தந்த அடிப்படை அமைப்பை, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு இது. நம் கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. எஞ்சினை மாற்றுவதானால் முதலில் அனுமதி வாங்க வேண்டும். முன்னால் மாட்டுகிற கனத்த இரும்புக் கம்பித் தடுப்பும் கூடாது. அதைத் தடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. எனக்கும் ஒன்று இருந்தது. கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். கூடுதல் விளக்குகளையும் கழற்றினேன். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். சிலர் இதைத் தொல்லை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எஃப்.சி. வருகிறது என்பதற்காகவாவது வருடத்தில் ஒருநாள் வண்டிக்கு அடியில் படுக்கிறோம்.

பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். இது தோட்ட வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கும் சேர்த்துத்தான். மழையில் நடப்பது கஷ்டம், தெரியும். ஆனால் அது மூட்டைக்குக் கட்டிய இடம். பிடிக்க ஒன்றும் இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் கைக்கு வராமல் போகலாம்.

வண்டிக்கு இப்போது 25 வயதுக்கு மேல். மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, சக்கரத்துக்கு இரண்டு முட்டுக்கட்டை, இவை எப்போதும் அதில் இருக்கும். பலகை இல்லாவிட்டால் சேற்றில் ஜாக்கி கீழே இறங்குமே தவிர வண்டி மேலே ஏறாது. கதவு கொஞ்சம் சரியாக மூடாது. அது கடைசி வரிசை வேலை, இன்னும் முறை வரவில்லை. மச்சான் இப்போதும் என்னோடு போடிக்கு வருகிறார். கிளம்பும் முன் என்னைக் கேட்காமல் அவரே ஒருமுறை பெடலை மிதித்துப் பார்ப்பார். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

வண்டியை வெளியே புளிய மரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். சேசிஸ் எண் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். தாளும் பென்சிலும் இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.